ஓப்ராத் நிறுத்தமாட்டார்

என் வீட்டுக்காரர் ஓப்ராத் முப்பத்திநான்கு வருஷம் உஷிட்சேயிலிருந்து பெல்கிரேடுக்கு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டினார். வழியில் ஓரிடத்திலும் நிறுத்தியதில்லை. மற்ற டிரைவர்கள் ருட்னிக் மலையைத் தாண்டியதும் லிக் ஊர்ச் சாப்பாட்டுக்கடை வாசலில் பத்து நிமிஷம் நிறுத்துவார்கள். ஜனங்கள் இறங்கி, ஒதுங்கிவிட்டு, ஒரு காபி குடித்து ஏறிக்கொள்வார்கள். ஓப்ராத்துக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். கிழவிகள் கெஞ்சியிருக்கிறார்கள், பட்டாளத்துப் பையன்கள் மிரட்டியிருக்கிறார்கள், ஒரு பாதிரியார் பின்சீட்டில் எழுந்து நின்று சாபமே விட்டிருக்கிறார். ஓப்ராத் கண்ணாடியில் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு கியரை மாற்றுவார். அவரும்தான் அடக்கிக்கொண்டு ஓட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அநியாயமாகப் பேசக்கூடாது.

பாதிரியாரின் சாபம் எங்கள் ஊர்த் தபாலைப் போல நிதானமாகத்தான் வந்து சேர்ந்தது. எழுபத்தோரு வயதில் அவருக்கு பிராஸ்டேட் வீங்கியது. மணிக்கொரு தடவை கழிவறைக்குப் போவார், பத்து நிமிஷம் நிற்பார், நாலு சொட்டு விட்டுவிட்டு, நான்தான் ஏதோ தடுத்த மாதிரி என்னை முறைத்துக்கொண்டு வருவார். ஒரு நாள் ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. குழாய் வைத்து எடுத்த பிறகுதான் பெல்கிரேடில் பெரிய டாக்டரிடம் போகச் சம்மதித்தார்.

டாக்டர் லெபோயெவிச் நல்ல மனிதர். வந்தவர் டிரைவர் என்று தெரிந்ததும் அவர் பாஷையிலேயே பேசினார்.

"இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, வழி அடைச்சிருக்கலாம். அப்படின்னா ஆபரேஷன் பண்ணி வழியைத் திறந்துவிட்டா நீங்க முன்ன மாதிரி ஆயிடுவீங்க. இன்னொண்ணு, தள்ளுற தசைக்கே தெம்பு போயிருக்கலாம். அப்ப நான் என்னதான் ரோடு போட்டாலும் வண்டியில இன்ஜின் இல்ல. ஆபரேஷன் வீண். எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. சிறுநீர்ப்பைக்குள்ள மெதுவா தண்ணி விட்டு, அது எவ்வளவு தாங்குது, எப்ப உணருது, எவ்வளவு வேகமா தள்ளுதுன்னு பார்ப்போம்."

"தெம்பு இல்லன்னா?" என்று நான் கேட்டேன்.

"அப்புறம் ஆயுசுக்கும் தினம் நாலு தடவை, அவரே குழாய் விட்டு எடுத்துக்க வேண்டியதுதான்."

ஓப்ராத் இதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் காதில் போட்டுக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. எவ்வளவு தாங்குது.

சோதனைக்குத் தேதி ஜனவரியில் கிடைத்தது. அதற்கு முன்னால், டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, எங்கள் வீட்டு ஸ்லாவாத் திருநாள். எங்கள் குடும்பத்துப் புனிதர் நிக்கோலா, நோன்புக் காலத்தில் வருகிறவர், ஆகவே மேஜையில் மீனும் பீன்ஸும்தான். நோன்பு ரக்கியாச் சாராயத்தைத் தொடாது என்பது எங்கள் ஆண்கள் கண்டுபிடித்த வேதம். திஹோமிர் வந்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், ஓப்ராத்துக்கு கும். கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுத்தாலும் கும்மை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பார்கள். அவரும் அதே தடத்தில் பஸ் ஓட்டியவர்தான், ஆனால் லிக்கில் நிறுத்துகிற ஜாதி. போன வருஷம் இதே சோதனை அவருக்கும் நடந்து, ஆபரேஷனும் முடிந்து, இப்போது தண்ணீர்க் குழாய் மாதிரிப் பாய்வதாகச் சொல்லிக்கொள்கிறார். மெழுகுவர்த்தி எரிய, விருந்தாளிகள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அவர் கண்ணாடிக் குவளையைத் தூக்கினார்.

"பயப்படாத, குமே. எனக்கு நானூத்தி இருபது மில்லி வரைக்கும் ஊத்தினாங்க. நர்ஸே அசந்துபோச்சு."

"நானூத்தி இருபதா?" ஓப்ராத் முகம் மாறியது. "நான் உன்னை எப்பவாவது முந்தாம இருந்திருக்கேனா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே கையிலிருந்த கரண்டியால் ரெண்டு பேர் தலையிலும் தட்டியிருந்தால் ரெண்டு மாசம் மிச்சமாகியிருக்கும்.

ஜனவரியில் திஹோமிர்தான் தன் காரில் எங்களை பெல்கிரேடுக்குக் கூட்டிப்போனார். பழைய ரோட்டில். புது நெடுஞ்சாலையில் ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. ஓப்ராத் பதினோரு தடவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தச் சொன்னார் என்பதும் தப்பு. "குமே, டயர்ல ஏதோ சத்தம் வருது, பாரேன்" என்பார். திஹோமிர் நிறுத்தி டயரை உதைத்துப் பார்ப்பார், அதற்குள் இவர் மரத்தடிக்குப் போய்விடுவார். அன்றைக்கு அந்த டயர் பட்ட உதையை வேறெந்த டயரும் பட்டிருக்காது.

சோதனை அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. முதலில் ஜன்னலைச் சாத்தச் சொல்லி ஓப்ராத் சண்டை போட்டார். இடுப்பில் காற்று பட்டால்தான் சிறுநீர்ப்பை கெடும் என்று அவருடைய அம்மா சொன்னது அவருக்கு எந்த டாக்டர் சொன்னதையும்விடப் பெரிது. பிறகு நர்ஸ் யத்ராங்கா குழாய்களை வைத்தாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

"பின்னாடி எதுக்கும்மா?"

"வயித்து அழுத்தத்தைப் பார்க்க, தாத்தா."

"நான் தாத்தா இல்ல. டிரைவர்."

"சரி, டிரைவர் தாத்தா. பஸ்ஸுக்கு ரெண்டு கதவு இருக்குல்ல, அப்படி வச்சுக்கோங்க. இப்ப தண்ணி மெதுவா உள்ள போகும். லேசா வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க. அவசரமா இருந்தா சொல்லுங்க. தாங்கலன்னா 'நிறுத்து'ன்னு ஒரு வார்த்தை, உடனே நிறுத்திடுவேன்."

நிறுத்து. இத்தனை ஆயிரம் ஜனங்கள் இந்த மனிதரிடம் கேட்ட வார்த்தை. அதை அவரே, தன்னைத் தாத்தா என்று கூப்பிடுகிற ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் இந்த வீம்புக்கு ஈநாட் என்று பெயர். இதற்காக மூக்கை அறுத்துக்கொண்டவர்கள் உண்டு. சிறுநீர்ப்பையைக் கொடுத்தவரை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"இருநூறு ஆச்சு. ஏதாவது தெரியுதா?"

"ஜன்னல்ல பனி விழறது தெரியுது."

"முந்நூறு. அவசரமா இருக்கா?"

"எனக்கென்ன அவசரம், பென்ஷன்ல இருக்கேன்."

"நானூறு."

"இன்னும் இருபது ஊத்தும்மா, அப்புறம் பேசலாம்."

அறுநூறு ஆனபோது நர்ஸ் குரலில் கிண்டல் போய்விட்டது. "தாத்தா, நிஜமாவே ஒண்ணும் தெரியலையா? கால் ஆடுதே?"

"பாட்டு ஓடுது மனசுல."

எழுநூற்று எண்பதில் அவளே பயந்து நிறுத்திவிட்டாள். இப்போது வெளியே விடச் சொன்னாள். அடியில் அளக்கிற கருவியோடு ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்து தள்ள வேண்டும். உள்ளே கருங்கல் தூக்குகிற மாதிரி முனகல் கேட்டது. கதவுச் சந்தில் பார்த்தேன், மனிதர் முகம் பீட்ரூட். வந்தது தொண்ணூறு மில்லி.

டாக்டர் காகிதத்தை விரித்தார். மூன்று கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்று.

"மேல இருக்கிறது உள்ள இருக்குற மொத்த அழுத்தம். நடுவுல வயித்தோட அழுத்தம். மேல இருந்து நடுவைக் கழிச்சா கீழ வர்றது, சிறுநீர்ப்பை தானா தள்ளினது." கீழ்க்கோடு எங்கள் சமவெளி மாதிரி தட்டையாகக் கிடந்தது. "முக்கினது பூரா வயிறு. அதை மெஷின் கழிச்சிடுச்சு. பை தள்ளவே இல்ல. எழுநூத்தி எண்பது வரைக்கும் உணர்ச்சியும் இல்ல. மன்னிக்கணும், இதுக்கு ஆபரேஷன் பிரயோஜனப்படாது. குழாய்தான். எப்படின்னு நர்ஸ் சொல்லிக்கொடுப்பாங்க."

ஓப்ராத் காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கார் கதவைத் திறந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எழுநூத்தி எண்பது, குமே."

திஹோமிர் விசிலடித்தார். "கிட்டத்தட்ட ரெட்டிப்பு."

"நான் சொல்லல?"

"உனக்குத் தசை செத்துப்போச்சாம்" என்றேன் பின்சீட்டிலிருந்து. "அதைச் சொல்லு கும்கிட்ட."

"சோதனைல என்னை முந்தினவன் யாரு? அதைச் சொல்லு."

லசாரெவாட்ஸ் ஊர் வருவதற்குள் டயரில் மூன்று தடவை சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எழுநூற்று எண்பது வரை ஒன்றுமே தெரியாத மனிதருக்கு, முக்கால் மணி நேரத்தில் மூன்று புதர் எதற்கு?

சோதனைக்கு முன்னால் மூன்று நாள் எழுதச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு. எழுதியது நான்தான், மாவு அளக்கிற ஜாடியைத் தியாகம் செய்தவளும் நான்தான். ஓப்ராத் அதை டாக்டரிடம் காட்டவிடவில்லை, ஜாடி சமாச்சாரம் வெளியே போகக்கூடாதாம். வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். தொண்ணூறு, நூற்றுப்பத்து, எண்பது. பக்கத்தில் என் கையெழுத்திலேயே: ஓடினார், ஓடினார், கதவு வரைக்கும் போகமுடியவில்லை. தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"உண்மையைச் சொல்லு. எப்ப தெரிஞ்சுது?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். "நூத்தி ஐம்பதுல."

"எப்ப தாங்கல?"

"முந்நூறு. அதுக்கப்புறம் கண்ணு இருட்டிடுச்சு. கதீட்ரல் மணி மாதிரி காதுல அடிச்சுது." அதைச் சொல்லும்போதும் அந்த மீசைக்குக் கீழே ஒரு சின்னப் பெருமை. "கடைசில தள்ளலாம்னு பார்த்தா எல்லாம் மரத்துப்போச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும், ராஜா. இப்ப ஆயுசுக்கும் குழாய்."

"குழாய்னா குழாய். அந்தப் பொண்ணுகிட்ட நிறுத்துன்னு கெஞ்சச் சொல்றியா? நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல."

"ஆமா, நீ சொன்னதில்ல. சொன்னவங்களைத்தான் எனக்குத் தெரியும்."

நான் சொன்னது என்னையேதான்.

எண்பத்துமூன்றாம் வருஷம், பிப்ரவரி. வயிற்றில் எங்கள் மகள் நெவேனா, ஐந்தாம் மாசம். பெல்கிரேடில் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், என் புருஷனே ஓட்டுகிற பஸ், முதல் சீட்டு. ருட்னிக் ஏற்றத்தில் தாங்கவில்லை. எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டேன். லிக்கில் ஒரு நிமிஷம், ஓப்ராத், ஒரே நிமிஷம் என்றேன். அவர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தோழரே, அட்டவணை எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். என்ன நேர்மை, பெண்டாட்டிக்குக்கூட நிறுத்தவில்லை என்று ஒருவன் கை தட்டினான். லிக் ஜன்னலில் வந்தது, போனது. அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை. பெல்கிரேடில் கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் கோட்டை மடியில் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து சீட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வாளியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பும் வண்டிக்கு நேரமாகிவிட்டதாம். நான்தான் துடைத்தேன்.

அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். பிள்ளை வளர்த்தோம், யுத்தம் பார்த்தோம், அவர் அம்மாவைப் புதைத்தோம். அந்த வாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்தவரை மன்னிப்பது மறைத்தவரை மன்னிப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

சோதனை முடிந்து நாலாம் நாள் குழாய்ப் பெட்டி வந்தது. நூற்றுஇருபது குழாய், ஒரு மாசத்துக்கு. ஓப்ராத் ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் எதிரில் இருக்கும்போது பெண்டாட்டி எதற்குத் தனியாகப் பேச வேண்டும்? காபி ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை அந்தச் சோதனையை எடுப்பாங்களா?" என்றார் கடைசியில். "நீ கேளு. எனக்கு வெக்கமா இருக்கு."

கேட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் போனில் சொன்னேன், ஜாடித் தாளையும் படித்துக் காட்டினேன். டாக்டர் லெபோயெவிச் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அம்மா, இருபது வருஷமா இல்லாத வலியை இருக்குன்னு சொல்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். இருக்குறதை இல்லன்னு சொல்லி ஜெயிக்க வந்தவரை இப்பதான் பார்க்கிறேன். அந்தப் பையை அந்தப் பாடு படுத்தியிருக்கார், ஒரு ஆறு வாரம் ஓய்வு கொடுங்க. ஆனா ஒண்ணு, இந்தத் தடவையும் இதே மாதிரின்னா நான் கத்தியைத் தொடமாட்டேன்."

"நான் பக்கத்துல உக்காரலாமா?"

"நீங்கதான் உக்காரணும்."

மார்ச்சில் மறுபடி அதே அறை, அதே ரெண்டு கதவு. ஜன்னலை யத்ராங்கா முன்கூட்டியே சாத்தி வைத்திருந்தாள். நான் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரையில் மூன்று கோடுகளும் ஓட ஆரம்பித்தன.

"இருமுங்க, தாத்தா." இருமினார். மேல்கோட்டிலும் நடுக்கோட்டிலும் ஒரு முள் குதித்தது. "குழாய் சரியா இருக்கு. ஆரம்பிக்கிறேன்."

நூறு. நூற்று நாற்பது. ஓப்ராத் பெருவிரல் மடங்கியது.

"ஏதாவது தெரியுதா?"

சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லேசா" என்றார், பல்லைப் பிடுங்கின மாதிரி.

இருநூற்று இருபதில் அவசரம் என்று ஒத்துக்கொண்டார். இருநூற்று எழுபதில் நெற்றியில் வேர்வை. இருநூற்றுத் தொண்ணூறு. வாய் திறந்தது, மூடியது. கை நாற்காலி விளிம்பை அந்தப் பழைய ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்தது. நர்ஸ் அவரைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு. எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதர் மறுபடியும் அடக்கப் போகிறார், குழாய்ப் பெட்டி வீட்டில் காத்திருக்கிறது, நான் சாகிறவரைக்கும் அதைப் பிரித்துக் கொடுத்து, சிந்தினதைத் துடைத்துக்கொண்டிருக்கப் போகிறேன். வாளி அன்றைக்கு என் கையில் வந்த மாதிரி. கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது.

"நிறுத்து" என்றார் ஓப்ராத். நர்ஸிடம் இல்லை. என்னைப் பார்த்து.

நான் நல்லவளாக இருந்திருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம். எனக்கு அப்போது வந்தது ஒன்றுதான்.

"தோழரே, அட்டவணை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

யத்ராங்கா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்லவேளை, அவள் படித்த பெண், தண்ணீரை நிறுத்திவிட்டாள். ஓப்ராத் மூச்சு வாங்கினார். நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் பார்த்தேன், அவர் மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை.

"லிக்ல நிறுத்தியிருக்கணும், கொசாரா" என்றார், என் பேரைச் சொல்லி. தோள் குலுங்கியது.

"பேசாதீங்க தாத்தா, கோடு ஆடுது. இப்ப விடுங்க, முக்காதீங்க, தானா வரட்டும்."

முக்கவில்லை. கீழ்க்கோடு கிளம்பி ருட்னிக் மலை மாதிரி ஏறியது. அடியில் கருவியில் மட்டும் சன்னமாக, சொட்டுச் சொட்டாக.

டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். "இது இன்ஜின். இந்த வயசுலயும் என்னமா தள்ளுது பாருங்க. ரோடுதான் அடைப்பு. ஏப்ரல் எட்டாம் தேதி வாங்க, திறந்துவிட்டுடறேன்." பிறகு விரலை நடுக்கோட்டில் ஓரிடத்தில் வைத்தார். முந்நூறு ஆனதும், ஒழுங்கில்லாமல் குதித்துக் குதித்து நின்ற ஒரு மேடு. "இது என்ன? இருமினாரா?"

"பேசினார்" என்றாள் யத்ராங்கா.

"அது வேண்டாம், விட்டுடுங்க." டாக்டர் பேனாவால் அந்த மேட்டை மெல்லிசாக அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஓப்ராத் ஆஸ்பத்திரி வாசலில் கோட்டுப் பையிலிருந்து அந்தப் புதுக் காகிதத்தை எடுத்தார். காரில் திஹோமிர் காத்திருந்தார், எவ்வளவு என்று கேட்பார், முந்நூறுதான், நானூற்று இருபதுக்குப் பக்கத்தில்கூட இல்லை. காட்டவேண்டாம் என்று சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதை என் கையில் கொடுத்தார்.

"நீ வச்சுக்கோ" என்றார்.

நர்ஸ் பையைக் காலி செய்தே அனுப்பியிருந்தாள், அன்றைக்கு டயரில் சத்தம் எதுவும் வரவில்லை. லிக் வந்தபோது ஓப்ராத் திஹோமிரின் தோளைத் தொட்டு, "நிறுத்து, குமே" என்றார். திஹோமிர் நிறுத்தினார். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.

"இறங்கலையா?" என்றேன்.

"எனக்கு இல்ல" என்றார். "உனக்கு."

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் இறங்கினேன். பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன், காபியும் குடித்தேன்.